தோள்வலிக்கு வயிற்றில் ஸ்கேனா?

செகந்திராபாத் மெட்டுகுடாவின் ரயில்வே குடியிருப்பானாலும் மெட்ரோ வாசலானாலும், நம்மவர்கள் தோள்வலிக்குச் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: வாயுப் பிடிப்பு. அது தப்பினால் சுளுக்கு. உண்மையில் பெரும்பாலான தோள்வலிக்குக் காரணம் தசைநாண் கோளாறோ மூட்டு இறுக்கமோதான். அவற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எதற்கு உதவும் என்பதையும், அந்தக் கணக்கில் அடங்காத வலிகளையும் பற்றியது இந்தக் குறிப்பு.

நம்பிக்கை: "அல்ட்ராசவுண்ட் எல்லாம் வெச்சாச்சு, ஒண்ணும் தெரியலை."

உண்மை: பிசியோதெரபியில் ஜெல் தடவித் தேய்ப்பது சிகிச்சை. அதில் படம் வராது. நோயைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் வேறு.

நம்பிக்கை: எம்.ஆர்.ஐ. இருக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எதற்கு?

உண்மை: தசைநாண் முழுதாகக் கிழிந்ததைக் கண்டுபிடிப்பதில், கைதேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்ட் எம்.ஆர்.ஐ.க்குச் சளைத்ததல்ல. கையை அசைக்கச் சொல்லிக்கொண்டே பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி. முன்கையை வெளிப்புறம் திருப்பும்போது மட்டும் பள்ளத்தை விட்டு நழுவும் பைசெப்ஸ் நாண் இதில் கையும் களவுமாகப் பிடிபடும். நாணில் படிந்த சுண்ணாம்பும் மூட்டில் தேங்கிய நீரும் தெரியும். 50 வயதைத் தாண்டியவருக்கு இரண்டு தோளும் காலையில் விறைத்துக்கொண்டால் வயது என்று ஒதுக்கிவிடுகிறோம். அது பாலிமயால்ஜியா ருமேடிகா என்ற அழற்சி நோயாகவும் இருக்கலாம். அதை வகைப்படுத்த 2012இல் வெளியான சர்வதேச அளவுகோலில் அல்ட்ராசவுண்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் ஒலி எலும்பை ஊடுருவாது. எலும்பின் உட்புறத்துக்கும் மூட்டுக்கிண்ண விளிம்பின் கிழிசலுக்கும் எம்.ஆர்.ஐ.தான்.

நம்பிக்கை: வலிக்கிற இடத்தில்தான் கோளாறு.

உண்மை: ஆபத்தான நம்பிக்கை இதுதான். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள் தோலின் உணர்வு நரம்புகளும் கழுத்தில் ஒரே வேர்களிலிருந்து கிளம்புகின்றன. அதனால் பித்தப்பை அழற்சியும் கல்லீரல் சீழ்க்கட்டியும் வலது தோளில் வலிக்கலாம். மண்ணீரல் கிழிந்தால் இடது தோளில். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் தோள் நுனி வலிக்கும். கையை எப்படி ஆட்டினாலும் வலி கூடாமல் குறையாமல் இருந்தால் சந்தேகம் வர வேண்டும். அப்போது ஸ்கேன் செய்ய வேண்டிய இடம் வயிறாகவும் இருக்கலாம்.

ஒரு முணுமுணுப்பும் கேட்கிறது: எலும்பு டாக்டரே ஏன் ஸ்கேன் பார்ப்பதில்லை? பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தே வைத்திருக்க முடியும். தேவையான சட்டம்தான், அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் சென்டருக்குப் போகும்போது டாக்டரின் சீட்டை மட்டும் நீட்டாமல், எந்த அசைவில் வலிக்கிறது, காய்ச்சல் உண்டா, விழுந்தீர்களா, சர்க்கரை உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

தோள்வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் எது வந்தாலும் ஸ்கேன் சென்டரைத் தேடாதீர்கள், 108ஐ அழையுங்கள்.