ஓய்வு நாள்: கேள்வி–பதில்

ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கியும் களைப்பு தீராதது ஏன்?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இந்த உயர வேறுபாட்டால் மலையில் வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைகிறது. குளிர்ந்த இரவில் உடல் சூடு எளிதில் தணிவதால் தூக்கம் ஆழமாகிறது. மலை தரும் மருந்து இதுதான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நெரிசலில் ஏறி, ஏரி, பகோடா முனை, சேர்வராயன் கோயில் மூன்றையும் ஒரே பகலில் முடித்து, நள்ளிரவு வரை அலுவலக அழைப்புக்குப் பதில் சொல்பவர் அந்த மருந்தைத் தொடுவதே இல்லை.

கைபேசியில் ஒலியை நிறுத்தி வைத்தால் போதாதா?

போதாது. ஒலி நின்றாலும் அழைப்பு வந்திருக்குமோ என்ற நினைப்பு நிற்காது; அதுவும் வேலைதான். பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்த பிறகே கைபேசியை நிம்மதியாக அணைக்க முடியும். பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பணிநேரம் கடந்த தொடர்பைப் பற்றி ஊழியர் தரப்புடன் பேசியாக வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி 1 முதல் உள்ளது.

அறுவடைக் காலத்தில் ஓய்வு கொடுத்தால் காப்பித் தோட்டத்துக்கு நட்டம்தானே?

இந்தக் கணக்கே தவறு. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் அராபிகா காப்பியைப் பார்த்தாலே இது விளங்கும். வறண்ட மாதங்களில் அதன் மொக்கு வளர்ச்சியை நிறுத்தி உறங்குகிறது. மார்ச், ஏப்ரலில் நல்ல மழை விழுந்ததும் விழித்து, சுமார் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கிறது. சரியாக உறங்காத மொக்கு முன்பின்னாகப் பூக்கும், பழமும் முன்பின்னாகப் பழுக்கும், பறிப்புச் செலவு ஏறும். செடியின் உறக்கத்துக்குப் பொறுமையாகக் காத்திருக்கும் தோட்டத்தில், பழம் பறிக்கும் பெண்ணின் ஓய்வை மட்டும் நட்டக் கணக்கில் எழுதுவது அநியாயம். சரிவில் கால் ஊன்றி நாள் முழுதும் பறிப்பவரின் கை தளர்ந்தால், பழத்தோடு பச்சைக் காயும் சேர்ந்து கூடைக்கு வரும். காய் கலந்த காப்பியின் சுவையும் கெடும், விலையும் விழும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளையையும், 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் வகுத்தது. வார வேலைநேரம் முதலில் 54 மணியாக இருந்து, பின்னர் 48 ஆயிற்று. இவை சலுகைகள் அல்ல. உழைத்தவருக்குச் சேர வேண்டிய கூலியின் பகுதி.

விடுப்பைச் சேர்த்துவைத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் நீண்ட விடுப்பின் பலன் சில வாரங்களில் கரைந்துவிடும். வார ஓய்வுக்கு அது ஈடாகாது.

ஏரிக்கரைக் கடை ஊழியர் மே மாத சீசனில் வார விடுமுறை கேட்கலாமா?

தயங்காமல் கேட்கலாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாளை அவருக்குத் தருகிறது; நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி இடைவேளையையும் தருகிறது. 2021-இல் வந்த திருத்தத்தின்படி, அவர் உட்கார இருக்கை போடுவதும் உரிமையாளரின் கடமை.