தேய்ந்த டயரும் குற்றாலச் சாரலும்

திருநெல்வேலியினின்று தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நடுவழியில் அமைந்துள்ளது ஆலங்குளம். ஆனி, ஆடித் திங்கள்களில் மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வீசுங்கால், இவ்வூரில் நாம் காண்பது பெரும்பாலும் காற்றும் புழுதியும் மேகநிழலுமே. காற்றாலைகள் ஓயாது சுழலும். மழையோ விழுந்தும் விழாமலும் போய்விடும். இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று குற்றாலத்தை அணுகினால், சாரலில் சாலை முழுதும் நனைந்து கிடக்கும். ஒரு மணி நேரத்துள் வறண்ட தரையினின்று ஈரத் தரைக்கு நம்மைக் கொண்டு செல்லும் இவ்வழி, மோட்டார் டயரின் இயல்பை அறிதற்கு நல்லதொரு பாடசாலையாகும்.

டயரின் மேற்புறத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் இருப்பது எதன் பொருட்டு என வினவினால், சாலையைப் பற்றுதற்பொருட்டு என்பர் பலர். இது பாதி உண்மையே. உலர்ந்த தார்ச்சாலையைப் பற்றுவது ரப்பரேயன்றிப் பள்ளமன்று. பந்தயக் கார்கள் உலர்ந்த தளத்தில் வரியே இல்லாத டயர்களோடு ஓடுவதும், மழை வந்தவுடன் அவற்றைக் கழற்றி வரியுள்ளவற்றை மாட்டிக்கொள்வதும் இதற்குச் சான்று. ஆதலின், நம் பேச்சு வழக்கில் ‘மொட்டை டயர்’ எனப்படும் தேய்ந்த டயர், ஆலங்குளத்து உலர்ந்த சாலையில் யாதொரு குறையும் காட்டாது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும்; வளைவில் ஒழுங்காகத் திரும்பும். ‘இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் தாங்கும்’ என்று ஓட்டுபவர் தமக்குள் கணக்கிட்டுக்கொள்வார். அக்கணக்கு பாவூர்சத்திரம் வரையில் பொய்க்காது. தென்காசியைக் கடந்தபின் பொய்க்கும்.

எத்துணைச் சிறிய பரப்பின்மீது வண்டி நிற்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1,000 கிலோகிராம் எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். டயரினுள் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராம். எடையை அழுத்தத்தால் வகுத்தால் 480 சதுர சென்டிமீட்டர் அளவில் வரும். நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 120. ஒருவர் கையை விரித்து வைத்தாற்போன்ற அளவுதான். ஒரு குடும்பம் முழுவதும் நான்கு கையகல ரப்பரை நம்பியே பயணம் செய்கின்றது.

அந்தக் கையகலத்துக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்தால் அதை வெளியேற்றும் வாய்க்கால்களே வரிப்பள்ளங்கள். புதிய கார் டயரில் அவை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமுள்ளவை. ஆழம் குறையக் குறைய வாய்க்கால் தூர்ந்துவிட்டதற்கு ஒப்பாகும். போக வழியற்ற நீர் டயரைத் தூக்கிவிடும். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவில் வால்டர் ஹார்ன் என்பாரும் அவர்தம் தோழரும் 1963இல் இதனை ஆராய்ந்து ஒரு கணக்கு வகுத்தனர். நீரின் ஆழம் வரியின் ஆழத்தை விஞ்சுமிடத்து, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். 30 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும்; 24 பவுண்டே இருப்பின் 80 கிலோமீட்டர் அளவிலேயே மிதக்கும். மிதக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. வரியே இல்லாத டயருக்கோ சாலையோரத்துச் சிறு தேக்கமும் ஆழ்ந்த நீரேயாகும்.

சாரல் பெருமழையன்றே, அதனால் என்ன தீங்கு எனின், மென்தூறலே ஒருவகையில் கொடியது எனலாம். பெருமழை சாலையைக் கழுவிவிடும். தூறலோ, பலநாள் படிந்த எண்ணெயையும் புழுதியையும் குழைத்து மெல்லிய ஏடாகப் பூசிவிடும். அவ்வேட்டைக் கிழித்து ரப்பரைத் தாரோடு சேர்ப்பவை வரிகளின் கூரிய விளிம்புகள். அவை மழுங்கிய டயர் குறைந்த வேகத்திலும் வழுக்கும்.

நிற்க. ஆலங்குளத்து வெயில் டயரை ஒன்றும் செய்யாது என எண்ணற்க. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி நிமிர்ந்து சூடேறும். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாதாகையால் அச்சூடு உள்ளேயே தங்கி, எஃகுக் கம்பிப் பட்டைக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்தும். கோடையில் டயர் வெடிக்குமென அஞ்சிக் காற்றைக் குறைத்துவிடுவோர் நம்மிடையே பலர். வெடிப்புக்கு வழிகோலுபவர் அவரே. வெயிலால் ஏறும் அழுத்தத்தையும் எண்ணியே டயர் செய்யப்படுகின்றது. அளவு பார்ப்பது, வண்டி ஓடாது குளிர்ந்திருக்கும் காலைப்போதில் ஆகவேண்டும்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் டயர்கள் 65 இலட்சம் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலும் போர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்த அவை, ஓடும்போதே மேற்பட்டை கழன்று வண்டியைக் கவிழ்த்தன. 271 மரணங்கள் இதனோடு தொடர்புற்றவையாக எண்ணப்பட்டன. அக்கேடு வெப்பம் மிக்க தென்மாநிலங்களிலேயே மிகுந்திருந்தது கருதத்தக்கது. அவை மொட்டை டயர்களல்ல; செய்கையிலேயே குறையிருந்தவை. எனினும் வெப்பமும் பாரமும் குறைந்த காற்றும் ஒன்றுகூடினால் யாது நேரும் என்பதை உலகுக்குக் காட்டின. இதன் பின்னரே, காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி அந்நாட்டுப் புதிய கார்களில் கட்டாயமாயிற்று.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கின்றது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆம் விதியின்படி, வரியின் ஆழம் இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்கும், ஏனையவற்றுக்கு 1.6 மில்லிமீட்டருக்கும் குறையலாகாது. அளவுகோலும் வேண்டுவதில்லை. கார் டயரின் பள்ளத்தினுள் ஆங்காங்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டுள்ளன. மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கச்சுவரில் கொப்புளம்போல் புடைத்திருப்பின், வரி எவ்வளவு ஆழமாயினும் அதனைக் கழற்றிவிட வேண்டும். குழியில் மோதியதால் உள்ளே நூலிழைகள் அறுந்துள்ளன என்பதே அதன் பொருள். பஞ்சர் ஒட்டுபவர் எத்துணைக் கைதேர்ந்தவராயினும் இதற்கு ஒட்டுப்போட இயலாது.

மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கின்றோமே, அப்பெயர் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவினின்று வந்தது. 1904இல் அங்கேதான் டேவிஸ் சகோதரர்கள் அதனை விற்கலாயினர். ஓடாமலே கிடப்பதால் அது புதிது என மயங்குதல் கூடாது. ரப்பர் சும்மா கிடந்தும் முதுமையடையும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் பொறித்த நான்கு இலக்கங்களே அதன் பிறப்புச் சான்று. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்று கொள்க.