கை வலி இருந்தாலும் டயர் மாற்றலாம்!

முதுகுவலி, மூட்டுவலி, பிடிமானம் குறைந்த கை உள்ளவர்களும் கார் டயரைத் தாங்களே மாற்ற முடியும். பலம் வேண்டிய வேலையைக் கருவியிடம் விட்டுவிடுங்கள்.

* சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுங்கள்.

* பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் நட்டுகளைச் சில நொடிகளில் கழற்றிவிடும். அதற்கென்றே வரும் தடித்த கறுப்பு சாக்கெட்டையே மாட்டுங்கள். பளபளக்கும் சாதா சாக்கெட் உடைந்து தெறிக்கலாம்.

* சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாக மட்டும் தளர்த்திய பிறகு ஜாக்கி ஏற்றுங்கள்; சக்கரம் எழும்பியதும் முழுதாகக் கழற்றுங்கள். கார் சார்ஜர் பாயின்டில் செருகும் 12 வோல்ட் மின்சார ஜாக்கி இருந்தால் குனிந்து சுற்ற வேண்டியதில்லை. வண்டிக்கு அடியில் கை, கால் நீட்டாதீர்கள்.

* ஸ்டெப்னியைத் தூக்காதீர்கள், உருட்டுங்கள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, டயருக்கு அடியில் நீளமான கம்பியைக் கொடுத்து நெம்பினால், சக்கரம் தானே போல்ட்டுக்கு நேராக எழும்பும்.

* நட்டுகளைக் கையால் தொடங்கி, எதிரெதிராக முடுக்குங்கள். வண்டியை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

* மாதம் ஒருமுறை இம்பாக்ட் ரெஞ்சின் பேட்டரிக்கு சார்ஜ் போடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் முடியாமல் போனால் 1033-ஐ அழையுங்கள். உடம்பை வருத்தாதீர்கள்; உதவி கேட்பதில் தவறே இல்லை.