வருதாம், வருதாம் என்ற பொக்ஸ்

கல்முனையில் அஸர் தொழுதுவிட்டு வந்து கடைக் கதவைத் தள்ளினால், வேலை வருவதற்கு முன்பே செய்தி வந்து நிற்கும். "காக்கா, புதுசா ஒரு பொக்ஸ் வருதாம். காட் தேவையில்லையாம். எல்லாச் சனலும் வருமாம்." சொன்னவர் கொண்டுவந்த பழைய பொக்ஸ் மேசையில் கிடக்கும். அதைத் திருத்துவதா, வரப்போவதற்குக் காத்திருப்பதா என்று என் முகத்தைப் பார்ப்பார். டிஷ் வேலை தொடங்கி எனக்கு முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. பொக்ஸ் எத்தனையோ மாறிவிட்டது, இந்தக் கேள்வி மாறவில்லை. இந்த வருடம் மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் தம்பிமார் வேலை பழக வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ஒருவர் "வருதாம்" என்றால், அந்த "ஆம்" யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். கொழும்பில் மொத்தக் கடைக்காரர் சொன்னதென்றால், அவர் களஞ்சியத்தில் என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று யோசியுங்கள். புது மொடல் வரப்போகிறது என்று சொல்லிப் பழையதை மலிவுவிலையில் தள்ளுவார்கள். இனிமேல் இறக்குமதி இல்லை, இதுதான் கடைசிச் சரக்கு என்று சொல்லி அதே பழையதை விலை கூட்டியும் விற்பார்கள். இரண்டையும் ஒரே மாதத்தில், ஒரே வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

2. பொக்ஸைப் பார்க்கும் முன் வானத்தைப் பாருங்கள். செய்மதியிலிருந்து எந்த முறையில் சமிக்ஞை இறங்குகிறதோ, அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் பொக்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் சும்மா கிடக்கும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வதந்தியை நிறுக்கிற தராசு இதில்தான் இருக்கிறது.

படத்தைச் சுருக்கும் முறை ஒன்று, அதை வானலையில் ஏற்றும் முறை இன்னொன்று. சுருக்குவதில் முதலில் எம்பெக்-2 இருந்தது. 2003இல் எச்.264 வந்தது, நம் ஆட்கள் எம்பெக்-4 என்பார்கள். 2013இல் எச்.265, 2020இல் எச்.266. ஏற்றுவதில் டி.வி.பி.-எஸ், பிறகு 2005இல் எஸ்-2, 2014இல் எஸ்-2எக்ஸ். இந்த வருடங்களெல்லாம் காகிதத்தில் தரம் எழுதப்பட்ட வருடங்கள். வீட்டுக்கு வந்தது எப்போது என்று பாருங்கள். எச்.264ஐ எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் சன் டைரக்ட் தொடங்கியது 2007 டிசம்பரில். எச்.265இல் ஜப்பானின் என்.எச்.கே. 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது 2018 டிசம்பர் 1ஆம் திகதி. நான்கைந்து வருடம் சாதாரணமாகப் போகிறது, அதுவும் பணக்கார நாட்டில், அல்லது புதிதாகக் கடை திறக்கிறவரிடம்.

ஏன் இந்தத் தாமதம்? கொம்பனிக்காரர் ஏற்கெனவே லட்சக்கணக்கான வீட்டில் பழைய பொக்ஸைக் கொடுத்துவைத்திருக்கிறார். சமிக்ஞையை மாற்றிய அன்று அத்தனையும் குருடாகிவிடும். ஆகவே புது பொக்ஸ் பற்றிக் கதை வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: பழைய பொக்ஸ்களை மாற்றுகிற சல்லி யார் கொடுக்கப்போகிறார்? அதற்குப் பதில் இல்லாத கதையைக் கேட்டுவிட்டு, மேசையில் கிடக்கிற பொக்ஸைத் திருத்துங்கள்.

3. மூடியைக் கழற்றாமல் பொக்ஸுக்குப் பெயர் சொல்லாதீர்கள். வெளியே ஸ்டிக்கரில் 4கே, 8கே, எஸ்-2எக்ஸ் என்று மின்னும். உள்ளே சூடுதணிக்கும் தகட்டைத் தூக்கினால் ஜி.எக்ஸ். 6605எஸ் என்ற சீனச் சிப் உட்கார்ந்திருக்கும். அல்லது 1506 போர்ட். இரண்டும் கெட்ட சாமான் இல்லை. விலைக்கு நன்றாக உழைக்கும். ஆனால் எச்.264 வரைக்கும்தான். எச்.265 சனல் வந்தால் சத்தம் வரும், திரை கறுப்பாக நிற்கும். ஒரே போர்டுக்குப் பத்துப் பெயர் வைத்து, பத்து நிறத்தில் மூடி போட்டு, "புது வரவு" என்று விற்கிறார்கள். சிப்பின் இலக்கத்தை வாசித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பவன் அடுத்த வருடம் வருகிற புது வரவில் பாதியை இந்த வருடமே பார்த்திருப்பான்.

4. என் பிழையையும் கேளுங்கள். தரைவழி ரிவி டிஜிட்டலாக மாறப்போகிறது என்ற பேச்சு நம் நாட்டில் நீண்ட காலம். முதலில் ஐரோப்பிய முறையான டி.வி.பி.-ரி2 என்றார்கள். வெளிநாட்டில் அந்த பொக்ஸ் மலிவாகக் கிடைத்தது. நாளைக்கே வந்துவிடும் என்று நம்பி, தெரிந்தவர் ஒருவர் மூலம் பன்னிரண்டு பொக்ஸ் எடுத்து அடுக்கினேன். 2014இல் அரசு ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி முறைக்குப் போவதாக முடிவெடுத்தது. ஒரு முறைக்குச் செய்த ட்யூனர் மற்ற முறையைப் படிக்காது. என் பன்னிரண்டும் செங்கல்லாகிவிட்டன. பக்கத்துக் கடைக்காரர் அன்றைக்குச் சிரித்தார். மறுகா அவர் ஜப்பான் முறைக்குச் சரக்குத் தேடி ஓடினார். பத்து வருடம் கடந்தும் கல்முனைக்குடிக் கூரைகளில் அதே மீன்முள் அன்ரனாதான் நிற்கிறது, அவர் தேடியதும் விற்கவில்லை. அரசாங்க முடிவு வேறு, அது கூரைக்கு வருகிற நாள் வேறு.

5. புது செய்மதி ஏவுகிறார்கள் என்ற செய்தி வந்தால் எல்லோரும் புது பொக்ஸ், புது டிஷ் என்று பதறுவார்கள். வீட்டுக்காரருக்கு முக்கியமானது செய்மதியின் பெயரா, அது நிற்கிற பாகையா? 2018 செப்டெம்பரில் இன்டெல்சாட் 38 ஏவப்பட்டது. டயலொக் ரிவி இருந்த பழைய இன்டெல்சாட் 12இன் இடமான கிழக்கு 45 பாகைக்கே அது வந்தது. ஆகவே டிஷ்ஷைக் கிறுக்க யாரும் கூரைக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. 2010 ஜூலையில் நடந்தது வேறு. இன்சாட்-4பி செய்மதியில் மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பொண்டர்கள் நின்றன. அதில் 93.5 பாகையில் இருந்த சன் டைரக்ட், அப்போது 91.5இல் இருந்த மீசாட்-3க்கு மாறியது. பொக்ஸ் அதே பொக்ஸ். டிஷ்ஷை மட்டும் கொஞ்சம் கிறுக்க வேண்டும். எவ்வளவு என்று தெரிந்தவனுக்கு அது கால்மணி நேர வேலை.

நம் ஊரில் திசை பழகுவது லேசு. 45 பாகை டிஷ் முதுகைக் கடலுக்குக் காட்டி, அம்பாறைப் பக்கமாக, மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே, சுமார் 47 பாகை உயரத்தில் கேட்கும். 93.5 பாகை டிஷ் கடலைப் பார்த்து, தென்கிழக்கில், கிட்டத்தட்ட உச்சிக்கே, 74 பாகையில் கேட்கும். கேட்கும் என்றுதான் சொன்னேன். முட்டை வடிவச் சிறிய டிஷ் பார்ப்பது போலத் தெரியும் இடம் ஒன்று, அது உண்மையில் கேட்கும் இடம் அதைவிட இருபது பாகைக்கும் மேலே. புதுப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க அங்கேதான் தோற்றுப்போவார்கள்.

மார்ச் நடுவிலும் செப்டெம்பர் கடைசியிலும் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து சில நிமிடம் படத்தைக் கெடுக்கும். 45 பாகைக்கு அது அஸர் பாங்குக்குச் சற்று முன் நடக்கும். "பொக்ஸ் முடிஞ்சு போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். தேத்தண்ணி கொடுத்து உட்கார வையுங்கள். அதற்குள் வந்துவிடும்.

6. உப்பு. வருகிற எந்த பொக்ஸும் இதற்கு மருந்து கொண்டுவராது. நம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே சில தெருக்கள்தான். வாடை அடிக்கிற மாதங்களில் ஈர உப்பு, டிஷ்ஷுக்கு முன்னால் அலையை வாங்கி நிற்கும் எல்.என்.பி.யின் திருகுமுனைக்குள் ஏறி, வயரின் செம்பைப் பச்சையாக்கும். கச்சான் காலத்தில் வெயிலும் மண்ணும் சேர்ந்து பிளாஸ்டிக் மூடியை வெடிக்கவைக்கும். அந்த வெடிப்பு வழியாக அடுத்த மாரி உள்ளே போகும். வயரை எல்.என்.பி.க்கு நேராக இறக்காமல் ஒரு தொங்கல் விட்டு வளையுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டட்டும். முனையில் கிரீஸ் பூசி, இழுத்துச் சுற்றுகிற ரப்பர் டேப்பால் மூடுங்கள். இரும்புக் கால் துருப்பிடித்த டிஷ், காற்றில் அரைப் பாகை அசைந்தாலே படம் கட்டங்கட்டமாக உடையும். புது பொக்ஸ் கேட்டு வருகிறவர்களில் அரைவாசிப்பேருக்குத் தேவை புது திருகுமுனைதான். விலையைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

7. மாரி மழையில் கே.யு. அலை அறுந்துபோவது இயற்கை. 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி குடித்துவிடும். சி பேண்டின் 4 கிகாஹெர்ட்ஸ் அலை மழைக்கு அசையாது, அதற்குத்தான் அந்தக் காலத்தில் பெரிய டிஷ். "மழைக்கும் வேலை செய்கிற பொக்ஸ்" என்று யாராவது விற்றால், அவருடைய பொக்ஸை அல்ல, டிஷ்ஷின் அகலத்தைக் கேளுங்கள்.

8. பாதிச் சனல் வருகிறது, பாதி வரவில்லை என்றால் மீற்றரை எடுங்கள். எல்.என்.பி.க்கு 13 வோல்ட் கொடுத்தால் நிலைக்குத்து அலை, 18 கொடுத்தால் கிடை அலை. பவர் போர்டு களைத்து 18 கொடுக்க முடியாமல் 15இல் நின்றால், கிடையில் இருக்கிற சனலெல்லாம் காணாமல் போகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பியபோதும் இந்தப் போர்டுகள் அடி வாங்கின. அந்தக் காலம் கடை முழுக்க வீங்கின கப்பாசிட்டர். சனம் எல்லாம், கொம்பனி பழைய பொக்ஸை நிறுத்தப்போகிறதாம், அதற்குத்தான் சனலைக் குறைக்கிறார்களாம் என்று பேசிக்கொண்டது.

9. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பொக்ஸ் என்று றியாத், டோஹா பெட்டியோடு உம்மாமார் வருவார்கள். பெருநாளுக்கு மக்கத்து நேரலை பார்க்க ஆசை. அந்தப் பெட்டியில் பதிந்திருப்பது அரபு நாட்டுச் செய்மதிகள். அவை நிற்கிற 26 பாகை இங்கிருந்து மேற்கே தாழத் தெரியும் என்றாலும், அதன் கே.யு. வீச்சு நம் கரையை நோக்கி அடிக்கப்படவில்லை. மகனைக் குறை சொல்லாமல், பொக்ஸைத் துடைத்து, இங்கே கிடைக்கிற இலவச அலைகளைத் தேடிப் பதிந்து கொடுங்கள். மக்காவை போனில் போட்டு ரிவிக்கு அனுப்பக் காட்டிக் கொடுத்தால் துஆ செய்துவிட்டுப் போவார்.

10. சேவர் லைன் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒருவர் வாங்கிய காட்டை ஆயிரம் பேர் திருட்டாகப் பகிர்வதுதான் அது. சல்லி ஹலாலா என்று நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். வேலையாகப் பார்த்தாலும் நட்டம்: லைன் நின்ற இரவு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இந்திய டிஷ் காட்டுக்கும் ஒரு சொல். அந்தக் கொம்பனிகளின் அனுமதி இந்தியாவுக்குள். இங்கே நின்றுபோனால் முறையிட இடமில்லை என்பதை விற்குமுன் சொல்லிவிடுங்கள்.

11. இப்போது வருகிற "வருதாம்" எல்லாம் ஸ்டார்லிங்க் மேல்தான். 2025 ஜூலை 2ஆம் திகதி இலங்கையில் சேவை தொடங்கியதிலிருந்து அந்தச் சதுரத் தட்டில் எல்லா ரிவியும் வரும் என்று நினைக்கிறார்கள். அது இணையம் கொண்டுவருகிற தட்டு. நம் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஓரிடத்தில் நிற்பவை. ஸ்டார்லிங்கின் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டே இருப்பவை. அதில் சனல் என்று ஒன்று இல்லை.

ஆனால் கதை முழுக்கப் பொய்யும் இல்லை. பிரிட்டனில் டிஷ்ஷால் வளர்ந்த ஸ்கை கொம்பனி 2021 ஒக்டோபரில் டிஷ்ஷே தேவைப்படாத ரிவியை விற்கத் தொடங்கியது. இங்கே பியோ ரிவி கம்பியில் வருகிறது. ஆகவே திருகுமுனை போடப் பழகுகிற கையால் நெட்வேக் வயரும் முடியப் பழகுங்கள். என் வயதில் நான் பழகினேன், உங்களுக்கென்ன.

12. அன்ட்ரொயிட் பொக்ஸ் விற்றால் பெயர் தெரிந்ததை விற்பனை செய்யுங்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. "பேட்பொக்ஸ் 2.0" பற்றி எச்சரித்தது: மலிவு பொக்ஸ்கள் சில, உள்ளே கெட்ட மென்பொருளோடு தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன, வீட்டு இணையத்தை மற்றவர் திருட்டுக்குப் பாதையாக்குகின்றன. 16 ஜி.பி. நினைவகம் என்று காட்டும் திரையும் பொய் எழுதப்பட்டிருக்கலாம்.

13. கழித்த பொக்ஸை எறியாதீர்கள். மேலே சொன்ன பன்னிரண்டு ரி2 பொக்ஸில் வந்த 12 வோல்ட் அடப்டர்களில் பத்து, இந்த ஊர் ரூட்டர்களில் இன்றைக்கும் ஓடுகின்றன. மேசைக்கடியில் இரண்டு மிச்சம். நிந்தவூர்த் தம்பி, நாளைக்கு வரும்போது மீற்றரோடு அதில் ஒன்றைப் பார்த்து வை, சாய்ந்தமருதில் ஒருவர் கேட்டிருக்கிறார்.