கடைசியாக விழுந்த அட்டைக்கே முதல் வேலை

லகாட், பூசிங், மெங்லெம்பு, எந்த ஊராக இருந்தாலும் சரி, மாணவர்கள் அட்டை விளையாடும் மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வாக்குவாதம் காதில் விழும். "நான்தானே முதல்ல போட்டேன்! உன் அட்டை மட்டும் எப்படி முன்னாடி வேலை செய்யும்?" என்பான் ஒருவன். "விதி அப்படித்தான்" என்பான் மற்றவன். ஏன் அப்படி என்று கேட்டால் பதில் வராது. பிறகு 'ஏமாற்றுக்காரன்' என்ற சொல் வரும், அட்டைகள் பைக்குள் போகும், இரண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அந்த 'ஏன்' என்ற கேள்விக்குக் கணினி அறிவியலில் நல்ல விடை இருக்கிறது.

'மேஜிக்: த கேதரிங்' என்ற அட்டை விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. 1993-இல் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் வெளியீட்டிலேயே இருந்த மூன்று அட்டைகள் நமக்குப் போதும்.

'கிரிஸ்லி பேர்ஸ்' என்பது ஒரு கரடி அட்டை. அதன் மூலையில் 2/2 என்று இருக்கும். முதல் எண் தாக்கும் வலிமை, இரண்டாவது எண் தாங்கும் வலிமை. ஒரே சுற்றில் 2 அல்லது அதற்கு மேல் சேதம் பட்டால் கரடி இறந்துவிடும். 'லைட்னிங் போல்ட்' மின்னல் அட்டை. 3 சேதம் தரும். 'ஜயன்ட் குரோத்' வளர்ச்சி அட்டை; அந்தச் சுற்று முடியும் வரை கரடியின் இரண்டு எண்களிலும் 3 கூட்டும். 2/2 கரடி 5/5 ஆகிவிடும்.

இந்த அட்டைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. நோட்டுத் தாளைக் கிழித்து, பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டாலே விதி புரிந்துவிடும். (அட்டைப் பொட்டலங்களுக்குப் போகும் ரிங்கிட்டைப் பற்றி அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு.)

கரடி தங்கையுடையது. அண்ணன் அதன்மேல் மின்னலை இறக்குகிறான். தங்கை உடனே பதிலுக்கு வளர்ச்சி அட்டையைப் போடுகிறாள். கடைசியாக விழுந்தது வளர்ச்சி. ஆகவே அதுதான் முதலில் நிறைவேறும். கரடி 5/5 ஆகிறது. பிறகு மின்னல் இறங்குகிறது. 3 சேதம்தான், கரடி தாங்கிவிடுகிறது.

அதே அட்டைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தங்கை ஆசைப்பட்டு முதலிலேயே வளர்ச்சி அட்டையைக் கரடிமேல் போடுகிறாள். அது நிறைவேறும் முன் அண்ணன் பதிலுக்கு மின்னலை இறக்குகிறான். இப்போது கடைசியாக விழுந்தது மின்னல். 3 சேதம் 2/2 கரடிமேல் விழுகிறது, கரடி இறந்துவிட்டது. அதன் பிறகு வளர்ச்சி அட்டையின் முறை வருகிறது. வளர்வதற்குத்தான் ஆள் இல்லையே! அந்த அட்டை வீணாகிறது.

அட்டைகள் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. வரிசை மட்டும் மாறியது, முடிவு தலைகீழாகிவிட்டது. தங்கை "நான்தான் முதலில் போட்டேன்" என்று அழுதால் அண்ணன் ஏமாற்றினான் என்று சொல்ல முடியாது. போடுவது வேறு, நிறைவேறுவது வேறு. பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

அட்டையைப் போட்டதும் அது ஒரு கற்பனை அடுக்கின்மேல் போய் உட்கார்கிறது. கோயில் அன்னதானத்தில் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதைப் போல. எடுக்கும்போது மேலிருந்துதான் எடுக்க முடியும். கணினித் துறையில் இதற்கு 'ஸ்டாக்' என்று பெயர். தமிழில் அடுக்கு எனலாம். மேஜிக்கின் விதிப் புத்தகத்திலும் 1999-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து இதே பெயர்தான். அதற்கு முன் பதில் போடும் அட்டைகளில் 'இன்டரப்ட்' என்று தனி வகை ஒன்று இருந்தது; எது எதை முந்தும் என்பதைத் தெரிந்துகொள்வதே ஒரு படிப்பாக இருந்தது. அடுக்கு வந்ததும் அந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்தது.

சரி, பேருந்துக்கு நிற்பதைப் போல, முதலில் வந்தவருக்கு முதலில் என்று வைத்திருந்தால் என்ன? அதுதானே நியாயம்? செய்து பாருங்கள். அண்ணன் மின்னல், தங்கை பதிலுக்கு வளர்ச்சி. வரிசை முறைப்படி மின்னல் முதலில் வேலை செய்யும், கரடி சாகும், பிறகுதான் வளர்ச்சி வரும். எப்போதும் இப்படியே நடந்தால் பதில் அட்டை என்ற ஒன்றுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். எதிராளியின் மந்திரத்தையே ரத்து செய்யும் 'கவுண்டர்ஸ்பெல்' அட்டை, எல்லாம் முடிந்த பிறகு வந்து எதை ரத்து செய்யும்? பதில் பயன்பட வேண்டுமானால் அது கேள்விக்கு முன்னால் நிறைவேற வேண்டும். இதற்கு அடுக்குதான் பொருந்தும், வரிசை பொருந்தாது.

இன்னொரு நுணுக்கம். மேலே இருக்கும் அட்டை தானாக நிறைவேறிவிடாது. இருவரும் அடுத்தடுத்து "நான் எதுவும் போடவில்லை" என்று விட்டுக்கொடுத்தால்தான் அது நிறைவேறும். ஒன்று நிறைவேறியதும் மறுபடி இருவருக்கும் வாய்ப்பு வரும். அடுக்கில் மீதி இருக்கும்போதே புதிய அட்டையை மேலே வைக்கலாம்.

யூகியோ விளையாடுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். கொனாமி நிறுவனம் 1999-இல் ஜப்பானில் வெளியிட்ட அந்த விளையாட்டில் இதே முறைக்குச் 'செயின்', அதாவது சங்கிலி என்று பெயர். அங்கும் கடைசிக் கண்ணிதான் முதலில் நிறைவேறும். ஆனால் சங்கிலி அவிழத் தொடங்கிவிட்டால் நடுவில் யாரும் புதிய கண்ணியைச் சேர்க்க முடியாது. ஒரு விளையாட்டின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் சண்டை நிச்சயம்.

யூகியோவில் அதிகம் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. களத்தில் உள்ள எல்லா அரக்கர்களையும் அழிக்கும் 'டார்க் ஹோல்' அட்டையை அண்ணன் போடுகிறான். தங்கை பதிலுக்கு 'மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன்' போட்டு அந்த அட்டையையே அழிக்கிறாள். அட்டை போய்விட்டது, ஆகவே என் அரக்கர்கள் தப்பித்தார்கள் என்று அவள் நினைக்கிறாள். தப்பிக்கவில்லை. சூறாவளி அழித்தது காகித அட்டையை. அதன் விளைவு ஏற்கெனவே சங்கிலியில் ஏறிவிட்டது. கல்லை வீசிய பிறகு வீசியவன் கையைப் பிடித்தால் கல் நின்றுவிடுமா? விளைவை நிறுத்த, 'ரத்து செய்' என்று தன்மேல் எழுதியிருக்கும் அட்டை வேண்டும். 'சோலம் ஜட்ஜ்மென்ட்' அப்படிப்பட்டது. களத்திலேயே தங்கியிருந்து வேலை செய்யும் தொடர் வகை அட்டைகளுக்கு மட்டும் கதை வேறு. அவை நிறைவேறும்போது களத்தில் இருந்தாக வேண்டும். அதற்குள் அழிந்தால் விளைவும் இல்லை. அட்டையில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு சொல்லையும் படிப்பது அதனால்தான் முக்கியம்.

இனி மேசையை விட்டு வெளியே வருவோம். 2 × (3 + (4 − 1)) என்ற கணக்கை எப்படிச் செய்கிறீர்கள்? கடைசியாகத் திறந்த அடைப்புக்குறி முதலில் மூடுகிறது. 4 − 1 முடிந்த பிறகே 3-ஐக் கூட்டலாம். அது முடிந்த பிறகே 2-ஆல் பெருக்கலாம். விடை 12. முதலில் எழுதிய 2-க்குக் கடைசியில்தான் வேலை. கணினியும் பாதியில் நிற்கும் வேலைகளை அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போகிறது, முடித்துவிட்டு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஆலன் டூரிங் 1945 இறுதியில் எழுதிய கணினித் திட்ட அறிக்கையில் இந்த இரண்டு செயல்களையும் 'புதைப்பது', 'தோண்டி எடுப்பது' என்ற பொருள்படும் சொற்களால் குறித்தார். 1950-களில் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் பாவர், கிளாவுஸ் ஸாமெல்சன் இருவரும் அடுக்குக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார்கள்.

1961-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, இப்படிப்பட்ட கணக்குகளைக் கணினி படிப்பதற்கு ஒரு வழிமுறை சொன்னார். அதற்கு அவர் வைத்த பெயர் ரயில்பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் நிலையத்தைக் குறிப்பது. ஈப்போவிலிருந்து லகாட் வழியாகப் பத்து காஜாவுக்குப் போகும் ரயில் பாதை நமக்குத் தெரிந்ததுதான். பத்து காஜாவில் கேடிஎம் பணிமனையும் இருக்கிறது. ஒரு முனை மட்டும் திறந்திருக்கும் கிளைத் தண்டவாளத்தில் மூன்று பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக உள்ளே போன பெட்டிதான் முதலில் வெளியே வரும். கணக்கின் குறியீடுகள் டைக்ஸ்ட்ராவுக்கு அந்தப் பெட்டிகளாகத் தெரிந்தன.

நாம் பேசும் தமிழிலும் அடுக்கு இருக்கிறது. "தம்பி வந்தான்." இதை நீட்டுங்கள்: "நீ, தம்பி வந்தான் என்று சொன்னாய்." இன்னும் நீட்டுங்கள்: "நான், நீ, தம்பி வந்தான் என்று சொன்னாய் என்று நினைத்தேன்." எழுவாய்கள் நான், நீ, தம்பி என்ற வரிசையில் வருகின்றன. பயனிலைகளோ வந்தான், சொன்னாய், நினைத்தேன் என்று தலைகீழாக மூடுகின்றன. கடைசியாக வந்த தம்பிக்கு முதலில் வினை கிடைத்தது. முதலில் வந்த 'நான்' வாக்கியத்தின் கடைசி வரை காத்திருந்தது. ஆன், ஆய், ஏன் என்ற விகுதிகளில் ஒன்று இடம் மாறினாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும். இதை யாரும் நமக்கு 'ஸ்டாக்' என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

எளிய விதிதானே என்று நினைத்துவிட வேண்டாம். அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பைடர்மேன், ஆஸ்டின் ஹெரிக் ஆகிய மூவர் 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மேஜிக் அட்டைகளைத் தக்கபடி அடுக்கினால், எந்தக் கணினியும் செய்யும் கணக்கை அந்த விளையாட்டுக்குள்ளேயே செய்ய வைக்கலாம் என்று அதில் நிறுவினார்கள். அதன் விளைவு விசித்திரமானது: சில ஆட்டங்களில் யார் வெல்வார் என்பதை முன்கூட்டியே கண்டுசொல்லும் பொது வழிமுறை எதுவும் இருக்க முடியாது.

கடைசியாக ஒரு பயிற்சி. அண்ணனிடம் இரண்டு மின்னல், தங்கையிடம் 2/2 கரடியும் இரண்டு வளர்ச்சியும். அண்ணன் மின்னல், பதிலுக்குத் தங்கை வளர்ச்சி, அதற்குப் பதிலாக அண்ணன் இரண்டாவது மின்னல், அதற்கும் பதிலாகத் தங்கை இரண்டாவது வளர்ச்சி. எதுவும் இன்னும் நிறைவேறவில்லை. கரடி பிழைக்குமா? தாளில் கீழிருந்து மேலாக நான்கையும் எழுதிவிட்டுப் பிறகு கீழே படியுங்கள்.

இரண்டாவது வளர்ச்சி: கரடி 5/5. இரண்டாவது மின்னல்: 3 சேதம், உயிரோடு இருக்கிறது. முதல் வளர்ச்சி: 8/8. முதல் மின்னல்: சேதம் மொத்தம் 6, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சுற்று முடிந்து கரடி மறுபடி 2/2 ஆகும்போது அந்த 6 சேதம் அதைக் கொல்லாதா என்று ஒருவர் கேட்பார், நல்ல கேள்வி. கொல்லாது. மேஜிக்கில் சுற்றின் முடிவில் சேதம் அழிவதும் வளர்ச்சி கழிவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. இங்கே மட்டும் அடுக்கு இல்லை.