ஸ்டீயரிங் ஒடிக்கும்போது கரகரப்பு: பட்டறைப் பேச்சும் உண்மையும்

ராயக்கோட்டைத் தக்காளியும் பாகலூர் ரோஜாவும் பெங்களூருக்குப் போவது பிக்கப் வண்டிகளில்தான். சிப்காட் ஆலைகளுக்கிடையே உதிரிப் பாகங்களைச் சுமப்பவையும் அவையே. 2005இல் வந்த ‘குட்டியானை’ எனப்படும் டாடா ஏஸும், 2011இல் ஓசூர் அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து வெளிவந்த தோஸ்தும் இந்த எல்லைப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது கரகரவெனச் சத்தம் வந்தால், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சொல்பவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் தவறான காரணத்தை நம்பி நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்தால், காசு போன பிறகும் சத்தம் அப்படியே இருக்கும்.

“பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கும், ஊற்றினால் சரியாகிவிடும்.”

பழைய குட்டியானைகளில் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. அவற்றிலும் இதே சத்தம் வருகிறது. ஆயில் குறைந்த பம்ப் எழுப்புவது ‘ங்ஙீ’ என்ற முனகல், அதுவும் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடும். இரும்போடு இரும்பு உரசும் ஒலி வேறு. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால் வரும் ‘உஸ்’ சத்தம் அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வுடையது. அது கோளாறு அல்ல, ஆனால் அப்படியே நெடுநேரம் பிடித்திருக்கக் கூடாது. ஆயில் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். முதலில் அந்தக் கசிவைத் தேடுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றவே வேண்டாம், சீல்கள் கெட்டுப்போகும்.

எந்தப் பாகமும் வாங்கும் முன் மூன்று நிலைகளில் சத்தத்தைக் கேளுங்கள். என்ஜினை அணைத்து, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் ஒடியுங்கள். அப்போதே கரகரத்தால் கிங்பின், அதன் கீழே எடையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங், ஸ்டீயரிங் தண்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் பம்ப்போ பெல்ட்டோ காரணம். வண்டி உருளும்போது மட்டும் வந்தால் சக்கர பேரிங், பிரேக், டயர் உரசல் ஆகியவற்றில் ஒன்று.

“எந்தப் பக்கம் ஒடித்தால் சத்தமோ, அந்தப் பக்கத்துச் சக்கரம்தான் போச்சு.”

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வண்டி இடப்புறம் திரும்பும்போது எடை வலப்புறச் சக்கரத்தின் மீது சாய்கிறது. இடப்புறம் ஒடிக்கையில் உறுமல் கூடி, வலப்புறம் ஒடிக்கையில் அடங்கினால், முதல் சந்தேகம் வலது முன் பேரிங் மீதே விழ வேண்டும். சூளகிரிப் பக்கத்து நீண்ட வளைவுகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

உறுதி செய்ய, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகு சோதியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைப் பட்டை ஸ்பிரிங் மீது வையுங்கள். கெட்ட பேரிங்கின் நறநறப்பு கைக்குத் தெரியும். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் அது பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைப் பாருங்கள்.

கிரானைட் குவாரிப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இன்னொன்றும் உண்டு. டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கினாலோ, தகடு வளைந்து டிஸ்க்கைத் தொட்டாலோ பயங்கரமான சத்தம் வரும். கல்லை எடுத்துத் தகட்டை நிமிர்த்தினால் போதும், செலவே இல்லை.

“கிரீஸ் அடித்தால் அடங்கிவிடும்.”

பாதி உண்மை. காய்ந்த கிங்பினுக்கு கிரீஸ்தான் மருந்து, ஆனால் அடிக்கும் முறை முக்கியம். சக்கரம் தரையில் இருந்தால் எடை அழுத்தும் இடத்துக்குள் கிரீஸ் நுழையாது. முன் அச்சைத் தூக்கி, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். பேரிங்கின் உருளையில் குழி விழுந்துவிட்டால் எவ்வளவு கிரீஸும் அதை ஆற்றாது. சத்தம் சில நாள் அடங்கும், தேய்மானம் உள்ளே தொடரும். வாட்டர் சர்வீஸில் ஹப் மீது நேராகத் தண்ணீரைப் பீய்ச்சினால் சீல் வழியே ஈரம் புகுந்து உள்ளிருக்கும் கிரீஸைக் கெடுக்கும்.

“வீல் அலைன்மென்ட் பார்த்தால் போதும்.”

அலைன்மென்ட் டயர் தேய்வதையும் வண்டி ஒருபக்கம் இழுப்பதையும் சரிசெய்யும், இந்தக் கரகரப்பை அல்ல. பேரிங் ஆட்டம் இருக்கும்போது பார்த்த அலைன்மென்டோ நிலைக்காது.

“ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்.”

கூடுதல் சுமை ஏற்றும் வண்டியில் இந்த எண்ணம் இன்னும் ஆபத்து. உருளை பேரிங் மீதான சுமை இரு மடங்கானால் அதன் ஆயுள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பேரிங் கணக்கில் உலகமெங்கும் ஏற்ற விதி இது. சுமையில் ஒன்றரை மடங்கு ஏற்றினாலும் ஆயுள் கால்வாசிதான் மிஞ்சும். கேபினை ஒட்டிச் சரக்கை அடுக்கினால் முன் அச்சுக்கும் பங்கு ஏறுகிறது. அரைகுறை பேரிங் சூடேறி இறுகலாம், முற்றினால் சக்கரமே கழன்று போகலாம். தேசிய நெடுஞ்சாலை 44இல் லாரிகளுக்கு நடுவே, பின்னிரவில் நடந்தால் அதன் விளைவு வண்டியோடு நிற்காது.

அதனால் ஓட்டுநர்களிடமும், வாடகைக்கு வண்டி விடும் உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். சோதனையில் சக்கரம் ஆடினாலோ, சுழற்றும்போது நறநறத்தாலோ அன்றைய லோடை வேறு வண்டிக்கு மாற்றுங்கள். ஒருநாள் வாடகை போகட்டும், பேரிங்கை மாற்றிய பிறகு வண்டியைச் சாலையில் இறக்குங்கள்.