படகிலிருந்து நட்சத்திரம் பார்க்க நீங்களே ஒரு தொலைநோக்கி செய்யலாம்...

படகில் உருப்பெருக்கம் கூடக் கூட ஆட்டமும் கூடும். ஏழு மடங்குக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கண்ணாடிக் கடையில் வெட்டாத பிளஸ் 3 பவர் லென்ஸ் ஒன்று கேளுங்கள். அதன் குவியத் தூரம் 33 செ.மீ. கண் வைக்கும் பக்கத்துக்கு 5 செ.மீ. குவியத் தூரமுள்ள சிறு பூதக்கண்ணாடி. 33-ஐ 5-ஆல் வகுத்தால் ஆறரை மடங்கு, போதும்.

பெரிய லென்ஸை பிவிசி குழாயின் முனையிலும், சின்னதை அதற்குள் நகரும் சார்ட் அட்டைக் குழாயிலும் ஒட்டுங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 38 செ.மீ.; முன்பின் நகர்த்தினால் பிம்பம் தெளியும். உள்ளே கறுப்புத் தாள் அவசியம். நிலாவின் ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், 3 செ.மீ. துளையிட்ட அட்டையை முன்லென்ஸின் மேல் மூடுங்கள். இந்தச் சின்ன வேலைதான் பெரிய வித்தியாசம் காட்டும்.

பிம்பம் தலைகீழாகத்தான் தெரியும். நட்சத்திரத்துக்கு ஏது தலையும் காலும்!

நங்கூரமிட்டு, உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிப் பாருங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் கண்ணுக்கு ஆறேழு தெரியும் இடத்தில் இன்னும் பல தெரியும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். குழாயில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே வேண்டாம், பார்வை போய்விடும்.